தலையர் தலை குனிந்த கோடை

ஒஸ்லோவின் கிழக்கோரம், எல்லிங்ஸ்ருட்டில் என்னோடு வளர்ந்தவர்களுக்கு அந்த மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது அங்கே செயற்கைப் புல் விரித்து, நாலு பக்கமும் விளக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஓடித் திரிந்த காலத்தில் அது வெறும் சாம்பல் நிறச் சல்லித் தரை. பனி உருகும் மாதங்களில் அதன் மேல் நடந்தால் சப்பாத்து அரை அங்குலம் புதையும். கோடையில் புழுதி. விழுந்தால் முழங்காலில் சல்லி ஏறும், அம்மா ஊசியைச் சுட்டுக் கிளறி எடுப்பா. எங்களில் பாதிப் பேருக்கு அந்த நீலத் தழும்பு இன்னமும் இருக்கும். முதல் நரையும் வந்துவிட்டது, முழங்காலும் நோகத் தொடங்கிவிட்டது. பிள்ளைகளிடம் தழும்பைக் காட்டினால் நம்புகிறார்களில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது மாமாவைப் பற்றி. அம்மாவின் தம்பி. உங்களுக்கு அவர் "தலையர்".

அவர் முன்வரிசை ஆட்டக்காரர். காலால் அடித்த கோல்கள் குறைவு, தலையால் அடித்தவைதான் எல்லாம். இடது மூலையிலிருந்து பந்து வளைந்து வரும்போது மாமா எங்கே நிற்கிறார் என்றே தெரியாது. திடீரென்று இரண்டு பேருக்கு நடுவே ஒரு கழுத்து எழும்பும். "டப்" என்று ஒரு சத்தம், நனைந்த துணியைக் கல்லில் அடித்தது போல. வலை ஆடிய பிறகுதான் சனத்துக்கு மூச்சு வரும். பிறகு "தலையர்! தலையர்!" என்ற கூச்சல் அடுக்குமாடிச் சுவர்களில் பட்டுத் திரும்பும்.

யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், மாதா கோயில் அணிக்கு விளையாடத் தொடங்கியவர். நோர்வேக்கு வந்த புதிதில் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் ஆலையில் வேலை. பகலெல்லாம் மீன் வெட்டிவிட்டு, மாலையில் அந்த ஊர் அணிக்கு விளையாடியிருக்கிறார். அங்கே காற்று அடிக்கிற அடியில் பந்து தரையில் நில்லாது, அதனால்தான் தலையால் அடிக்கப் பழகினேன் என்று சிரிப்பார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, பாண் பேக்கரியில் விடியற்காலை வேலை எடுத்து, எங்கள் வீட்டிலேயே தங்கினார். கல்யாணம் கட்டவில்லை. மூன்று அறை வீட்டில் சின்ன அறை அவருக்கு, நானும் தங்கச்சியும் ஓர் அறையில். வேலையால் வரும்போது அவரோடு சுடுபாண் வாசமும் வீட்டுக்குள் வரும்.

அப்பாதான் எங்கள் தமிழ் விளையாட்டுக் கழகத்தின் அணி மேலாளர். பஸ் ஓட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவர் முகத்தில் வேறு ஒரு ஆள் வந்து உட்காருவார். அவரும் மாமாவும் சாப்பாட்டு மேசையில் தேத்தண்ணிக் கோப்பைகளையும் உப்புப் போத்தலையும் அணியாக வைத்துக் கதைப்பதைப் பார்த்துத்தான் நான் பந்தாட்டம் படித்தேன். உப்புப் போத்தல் எப்போதும் மாமா.

அந்த இளவேனிலில் மாமா மாறினார்.

அவர் பந்துக்கு எழும்பவில்லை. மூலையிலிருந்து அதே வளைந்த பந்து வந்தது, மாமா தலை குனிந்து அதைத் தன் மேலால் போகவிட்டார். ஒரு முறை என்றால் பிழை. மூன்று ஞாயிறும் அப்படியே நடந்தது. முதல் ஞாயிறு சனம் "ஆ" என்றது. இரண்டாவது ஞாயிறு சிரித்தது. மூன்றாவது ஞாயிறு கோட்டுக்கு வெளியே நின்ற ஒருவர், "அண்ணைக்குத் தலைமயிர் கலைஞ்சிடும் எண்டு பயம்!" என்று கத்தினார். எல்லாரும் அதற்கும் சிரித்தார்கள். சிரித்தவர்களில் உங்கள் அப்பாக்களும் இருந்திருப்பார்கள். குறை சொல்லவில்லை. ஒருவருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது நிலக்கீழ் உடுப்புத் தோய்க்கும் அறையில். ஞாபகம் இருக்கும், கட்டடத்துக்கு ஒன்று, பெரிய இயந்திரங்கள், சவர்க்காரமும் ஈரச் சீமெந்தும் கலந்த மணம். ஒரு சனிக்கிழமை பிற்பகல் நானும் அம்மாவும் உடுப்பு எடுக்கப் போனோம். மாமா அங்கே தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். பயிற்சி முடித்து நேராக அங்கே வந்திருக்கிறார், மேலே வந்தால் அம்மா பார்த்துவிடுவா என்று.

அம்மா அவரைப் பிடித்து வாங்குப் பலகையில் இருத்தினா. "என்னடா தம்பி? என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை அக்கா."

"ஒண்டுமில்லாதவன் நிலத்துக்குக் கீழை வந்து சத்தி எடுப்பானே?"

அப்போதுதான் சொன்னார். மாரிகாலத்தில் உள்ளரங்கு ஆட்டத்தில் ஒருவரோடு தலை மோதி விழுந்தாராம். அதற்கு முதல் வருஷமும் ஒரு மோதல். தலையிடி விடவில்லை. வெளிச்சம் குத்துகிறது. சிலநேரம் பேக்கரியில் எந்தச் சூட்டடுப்பைத் திறக்க வந்தேன் என்பதே மறந்து நிற்கிறார். வைத்தியர் இனித் தலையால் பந்தைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார்.

"அப்ப ஏன்டா இன்னும் போறாய்?"

"தலையாலை அடிக்கக்கூடாது எண்டுதானே சொன்னவர். ஓடக்கூடாது எண்டு சொல்லேல்லை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "அத்தானுக்குச் சொல்லாதை அக்கா. சொன்னால் அண்டைக்கே நிப்பாட்டிப் போடுவார். பந்தும் இல்லாட்டி நான் இஞ்சை ஆர்?"

அம்மா பதில் சொல்ல முதல் கதவு திறந்தது. கீழ்த்தளத்தில் இருந்த ஸ்பானியக் கிழவர். கப்பலில் வேலை செய்து, நோர்வேப் பெண்ணைக் கட்டி, அவ இறந்தபின் தனியாக இருந்தவர். எங்கள் ஆட்டங்களுக்கு மடிக்கிற கதிரையோடு வந்து உட்காருவார், நினைவிருக்கிறதா? மாமாவின் முகத்தையும் தொட்டியையும் பார்த்தார். உடுப்புக் கூடையைக் கீழே வைத்தார்.

"தலையா?" என்று நோர்வேஜிய மொழியில் கேட்டார்.

மாமா நெற்றியில் கையை வைத்தார். கிழவர் என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்" என்றார். அம்மாவுக்கு அப்போது நோர்வேஜியம் முதியோர் இல்லச் சமையலறைக்குப் போதுமானதாக மட்டும்தான் இருந்தது. அதனால் அந்தக் கதை என் வாயால்தான் அம்மாவுக்குப் போனது. எனக்கு வயது பதினொன்று.

அவருடைய அப்பாவும் முன்வரிசை ஆட்டக்காரராம். போன நூற்றாண்டின் தொடக்கத்தில், ஸ்பெயினின் வடக்குக் கரையில் ஒரு துறைமுக ஊர். அந்த நாளைய பந்து தடித்த தோல், வாயை நாடாவால் இறுக்கிக் கட்டியிருக்கும். மழையில் ஊறினால் கல். அவர் நெற்றியில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டு அந்தக் கல்லைத் தலையால் அடித்திருக்கிறார். ஊர் அவரைத் தோளில் சுமந்ததாம். பெண்கள் மாடியிலிருந்து பூ எறிந்தார்களாம். முப்பது வயதுக்குக் கிட்ட அவர் தடுமாறத் தொடங்கினார். சுமந்த அதே சனம் ஊளையிட்டது. ஆட்டத்தை விட்டுக் கொஞ்சக் காலம் நடுவராக விசில் ஊதினார்.

"அந்தக் காலத்தில்தான் அப்பா வீட்டில் சிரித்ததாக அம்மா சொல்லுவா," என்றார் கிழவர். "ஆனால் பிந்திவிட்டது. எனக்கு நினைவு தெரியும்போது அவர் ஐம்பதைக்கூடத் தொடவில்லை. ஒருநாள் மேசையில் எதிரே இருந்து, மிகவும் மரியாதையாக, 'தம்பி, நீ யார் வீட்டுப் பிள்ளை?' என்று என்னைக் கேட்டார்."

இதை நான் தமிழில் சொன்னேன். "நீ ஆற்றை பிள்ளை எண்டு கேட்டவராம் அம்மா." அம்மா மாமாவின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டா, அது கீழே விழுந்து உடைந்துவிடும் போல.

"அது அந்தக் காலத்துப் பந்து அக்கா," என்றார் மாமா, முகத்தை நிமிர்த்தாமல். "இப்பத்தையது பஞ்சு மாதிரி."

கிழவருக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் தலையை ஆட்டி, கூடையை எடுத்துக்கொண்டு இயந்திரத்தடிக்குப் போனார். மேலே ஏறமுதல் மாமா அம்மாவிடம் சத்தியம் வாங்கிவிட்டார், அப்பாவுக்குச் சொல்லக்கூடாது என்று.

நோர்வேத் தமிழ்க் கழகங்களுக்கான கிண்ணத்தின் அரையிறுதி ஆட்டம் ஜூன் மாதம், எங்கள் மைதானத்திலேயே. ரோல்ஸ் பொரிக்கிற மணம், ஒலிபெருக்கியின் கரகரப்பு, தள்ளுவண்டியில் குழந்தைகள். மாமா விளையாடினார். அம்மா ஒருநாளும் கோட்டடிக்கு வராதவ, அன்று முன்னுக்கு வந்து நின்றா. என் கையைப் பிடித்திருந்தா. நொந்தது.

இடைவேளைக்குப் பிறகு ஒரு நல்ல பந்து மாமாவுக்கு நேரே வந்தது. அவர் குனிந்தார். இந்த முறை சனம் சிரிக்கவில்லை, ஊளையிட்டது. ஒருவர் அரைவாசி குடித்த தண்ணீர்ப் போத்தலை எறிய அது மாமாவின் காலடியில் உருண்டது. மாமா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கோலுக்கு முன்னால் போனார். எங்களுக்கு மூலை உதை கிடைத்திருந்தது. அவர் கழுத்தை இரண்டு பக்கமும் ஒருமுறை திருப்பினார். பழைய நாட்களில் எழும்பமுதல் செய்வது அது.

அம்மா என் கையை விட்டா. ஓடினா. சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு கோட்டோரமாக அப்பாவிடம் ஓடி, அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, காதுக்குள் ஏதோ சொன்னா. அப்பா திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அவ்வளவுதான். கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டார். மூலை உதை அடிக்கமுன்பே ஆள் மாற்றம். மாமா வெளியே, புதுப் பெடியன் உள்ளே. பத்தொன்பது வயது, முடிக்கு ஜெல் பூசியிருப்பான்.

மாமா வெளியே வரும்போது சனம் கை தட்டியது. அவர் போவதற்காகத் தட்டியது. மாமா அப்பாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"என்ன அத்தான் இது?"

அப்பா மைதானத்தைப் பார்த்தபடியே சொன்னார். "போய் இரு."

காரணம் சொல்லவில்லை. மாமா அணிச் சட்டையைக் கழற்றி மடித்து, அப்பாவின் காலடியில் வைத்துவிட்டு, வெறும் மேலோடு வீட்டுக்கு நடந்தார். புதுப் பெடியன் அந்த ஆட்டத்தில் இரண்டு கோல் அடித்தான். நாங்கள் இறுதிக்கு வந்துவிட்டோம்.

அதன் பிறகு வீட்டில் கதை நின்றது. அந்த வருஷம் ஒஸ்லோவில் எந்தத் தமிழ் வீட்டுக்குப் போனாலும் நோர்வே நடுவில் நின்று நடத்தும் இலங்கைச் சமாதானப் பேச்சு, பேச்சுவார்த்தை என்றுதான் கதை. தொலைக்காட்சியில் செய்தி போகும். அதற்கு முன்னால் அப்பா ஒரு மூலையில், மாமா மறுமூலையில், ஒரு சொல் கிடையாது. உப்பு வேண்டுமென்றால் மாமா என்னிடம் கேட்பார், அது அப்பாவின் கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அம்மா இருவருக்கும் நடுவில் சோறு போட்டுப் போட்டு மெலிந்தா.

ஜூலையில் மாமா ஒரு புதுக் கறுப்புக் காற்சட்டையோடு வந்தார். நடுவர் பயிற்சி எடுக்கிறாராம். நோர்வேஜியச் சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு விசில் ஊதத் தொடங்கினார். அப்பா அதைக் கேட்டு, சுவரைப் பார்த்து, "ஆடத் தெரியாதவை விசில் ஊதட்டும்" என்றார். அன்று மாமா சாப்பிடாமல் எழும்பினார். எனக்கு அப்பாவில் வந்த கோபத்தை இப்போதும் உணர முடிகிறது.

இறுதி ஆட்டம் ஆகஸ்ட்டில். எதிரணி பேர்கனிலிருந்து பஸ் பிடித்து வந்த தமிழ்க் கழகம். நடுவராக ஒழுங்கு செய்தவர் வழியில் கார் பழுதாகி நின்றுவிட்டார். சனம் நிறைந்துவிட்டது, இரண்டு அணியும் உடுப்பு மாற்றிவிட்டது. அப்போது எதிரணி மேலாளர்தான், "உங்கடை தலையர் இப்ப டொம்மர் எண்டு கேள்விப்பட்டம். அவர் ஊதட்டும், எங்களுக்குச் சம்மதம்" என்றார். டொம்மர் என்றால் நோர்வேஜியத்தில் நடுவர். எங்கள் வீட்டுப் பகை பேர்கன் வரை போயிருந்தது, மாமா எங்கள் கழகத்துக்கு எதிராகத்தான் ஊதுவார் என்று அவர்கள் கணக்கு. எங்கள் கழகத்தாரோ, என்ன இருந்தாலும் எங்கட ஆள் என்று தலையாட்டினார்கள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மாமா இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டுக் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் போனார்.

அவர் அவ்வளவு நன்றாக ஓடுவார் என்று அன்றுதான் கண்டேன். பந்துக்குப் பக்கத்திலேயே இருந்தார். ஒவ்வொரு விசிலுக்கும் ஒரு பக்கம் உறுமியது. ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலை. முடிய ஐந்து நிமிஷம் கூட இருக்காது. நான் எதிரணிக் கோலுக்குப் பின்னால் புழுதியில் இருந்தேன். இடது மூலையிலிருந்து பந்து வளைந்து வந்தது. புதுப் பெடியன் எழும்பினான். தலை எட்டவில்லை. முழங்கைக்குக் கீழே, மணிக்கட்டுக்கு மேலே, பந்து பட்ட இடத்தை நான் கண்டேன். பந்து வலைக்குள் போனது.

மைதானம் வெடித்தது. தொப்பிகள் பறந்தன. மாமா விசில் ஊதிக்கொண்டே கோலடிக்கு ஓடிவந்து, தன் கையைத் தட்டிக் காட்டினார். கோல் இல்லை.

ஒரு கணம் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு, "பழி வாங்கிறான்!" என்று யாரோ கத்த, சனம் கோட்டைத் தாண்டியது. நான் எழும்பி, "கை! கையிலை பட்டது! நான் பார்த்தனான்!" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? நான் அவருடைய அக்கா மகள். ஒருவர் மாமாவின் நெஞ்சில் தள்ளினார். இன்னொருவர் சட்டையைப் பிடித்தார். மாமா கையை உயர்த்தவில்லை, பின்வாங்கவும் இல்லை. எனக்கு அவருடைய தலை மட்டும்தான் கண்ணில் தெரிந்தது. அதில் ஒரு அடி பட்டால் என்ற நினைப்போடு சனத்துக்குள் நுழையப் பார்த்தேன்.

அப்போது மறுபக்கத்திலிருந்து அப்பா வந்தார். ஓடவில்லை, நடந்தார். முகம் கறுத்திருந்தது. சனம் அவருக்கு வழிவிட்டது. முதல் அடி அவர்தான் அடிக்கப்போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன். அம்மா தூரத்தில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றா.

அப்பா மாமாவின் சட்டையைப் பிடித்திருந்த கையைத் தட்டிவிட்டார். பிறகு மாமாவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சனத்தைப் பார்த்து நின்றார்.

"எல்லாரும் கோட்டுக்கு வெளியிலை போங்கோ. ஆட்டம் முடியேல்லை."

"உங்கடை மச்சான் செய்த வேலையைப் பார்த்தனீங்களே?"

"பார்த்தனான். அதை நான் வீட்டை போய்க் கதைப்பன். இவனிலை கை வைக்கிறதெண்டால் முதல்லை என்னிலை வையுங்கோ."

சனம் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. மடிக்கிற கதிரையிலிருந்து ஸ்பானியக் கிழவர் எழும்பித் தனியே கை தட்டினார். ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆட்டம் பெனால்டியில் முடிந்தது. எங்கள் கழகம் தோற்றது.

வீட்டுக்குப் போகும் வழியில் நான் திரும்பவும் சொன்னேன், "கையிலைதான் பட்டது அப்பா." "வாயை மூடிக்கொண்டு வா" என்றார்.

வீட்டில் மாமா உடுப்புகளைப் பையில் அடுக்கினார். ஒஸ்லோவின் தெற்கே, பியோர்ண்டாலில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போகிறாராம். மாலை வெயில் குசினி மேசை வரை விழுந்திருந்தது. அம்மா வாசலை மறித்து நின்றா.

"போறவனை ஏன் மறிக்கிறாய்?" என்றார் அப்பா. "ஊர் பார்க்க என்னைப் பழி தீர்த்திட்டான். இனி இஞ்சை அவனுக்கு என்ன அலுவல்?"

இரண்டு மாதத்துக்குப் பிறகு மாமா முதல் தடவையாக அவரிடம் நேரே பேசினார். "ஊர் பார்க்க முதல்லை அவமானப்படுத்தினது ஆர் அத்தான்? ஒரு காரணம் சொன்னனீங்களே? நாயைத் துரத்தின மாதிரி, போய் இரு எண்டனீங்கள்."

அப்பா வாயைத் திறந்தார். அம்மாவைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"நான்தான்," என்றா அம்மா.

வாசலை விட்டு உள்ளே வந்தா. "நான்தானடா உன்னை வெளியிலை எடுக்கச் சொன்னனான். நீ எழும்பப் போறாய் எண்டு கண்டிட்டன். ஓடிப்போய் இவரின்ரை காதிலை சொன்னனான், அவன்ரை தலை உடைஞ்சுபோம், உடனை எடுங்கோ, நான் சொன்னது எண்டு அவனுக்குச் சொல்லிப் போடாதையுங்கோ எண்டு. நீ என்னட்டைச் சத்தியம் வாங்கினனி. நான் இவரிட்டைச் சத்தியம் வாங்கினனான். இந்த மனுசன் அதுக்காக இரண்டு மாதம் உன்ரை பேச்சில்லாமல் இருந்தது."

மாமா பையைப் பிடித்தபடியே நின்றார். "அத்தானுக்குத் தெரியுமே?"

"தெரியும்," என்றார் அப்பா.

பிறகு அவர் என்னைக் கூப்பிட்டார். நான் பயந்து பயந்து கிட்டப் போனேன். தன் வலது கையை மேசையில் நீட்டிவைத்தார். "எங்கை பட்டது? காட்டு."

நான் முழங்கைக்குக் கீழே, மணிக்கட்டுக்கு மேலே, விரலை வைத்தேன். அப்பா அந்த இடத்தை நீண்ட நேரம் பார்த்தார். மாமாவும் எட்டிப் பார்த்து, "ஓம். அதிலைதான்" என்றார்.

அப்பா எழும்பி மாமாவின் பையைப் பறித்தார். வாசலால் வெளியே எறியப்போகிறார் என்று அம்மா "ஐயோ" என்றா. அவர் அதைக் கொண்டுபோய்ச் சின்ன அறைக் கட்டிலில் வைத்துவிட்டு, குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார். வெகுநேரம் ஓடியது.

அடுத்த கழகக் கூட்டத்தில் அப்பா எழும்பி, கை பட்டது, தீர்ப்புச் சரி, என்னுடைய பிள்ளை சொன்னபோது நான் கேட்கவில்லை என்று சொன்னார். சத்தம் எழும்பியது. புதுப் பெடியன் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனாகவே, "ஓம் அண்ணை, கைதான்" என்றான். அதற்குப் பிறகும் சிலர் எங்களோடு கதைக்கவில்லை. அப்பா மேலாளர் வேலையை விட்டார். விட்டது கவலையா, நிம்மதியா என்று நான் கடைசிவரை கேட்கவில்லை.

மாமா திரும்பப் பந்தைத் தலையால் தொடவில்லை. தலையிடி அடங்க ஒரு வருஷத்துக்கு மேல் எடுத்தது. பிந்திக் கல்யாணம் கட்டினார். இப்போது அறுபதைத் தொடுகிறார். எங்கள் எல்லாருடைய பிள்ளைகளின் பெயரும் பிறந்தநாளும் அவருக்கு மனப்பாடம்.

கடைசியாக ஒன்று. அடுத்த இளவேனிலில் மாமா நோர்வேஜியப் பெட்டைப் பிள்ளைகளின் ஆட்டமொன்றுக்கு நடுவர். அப்பாதான் காரில் கொண்டுபோய் விட்டார், நானும் போனேன். பந்தாட்டத்தைப் பேசாமல் பார்க்கத் தெரியாத மனிதர், காற்சட்டைப் பைக்குள் கையை விட்டுக்கொண்டு வாய் திறக்காமல் நின்றார். ஒரு பிள்ளை தனியே ஓடிப்போய் அடித்த கோலை மாமா ஓஃப்சைட் என்று நிறுத்தினார். பக்கத்தில் நின்ற தகப்பன் ஒருவர் சிவந்துபோய்க் கத்தத் தொடங்கினார். அப்பா அவர் பக்கம் திரும்பி, தன் பஸ்காரர் நோர்வேஜியத்தில், ஒவ்வொரு சொல்லாக, "நடுவர் சொன்னால் சரி" என்றார். அந்த மனிதர் அப்பாவின் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனார்.

ஆட்டம் முடிந்து மாமா வியர்வையோடு வந்து காரில் ஏறினார்.

"அத்தான், அது ஓஃப்சைட் இல்லை. நான் பிழை விட்டிட்டன்."

"தெரியும்," என்றார் அப்பா. சாவியைத் திருப்பினார். "பெல்ட்டைப் போடு."